ஒருகை வாள்: கேமில் இருப்பதும் நம் துறைமுகம் கண்டதும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் தரம் 8க்கு மேல் படிக்கும் ஆண்பிள்ளை இருந்தால் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இதை எழுதக் காரணமே அவன்தான்.

வரலாறு படிப்பிக்கும் நாம் சில காலமாக ஒன்றைக் கவனித்து வருகிறோம். போர்த்துக்கேயர் திருகோணமலைக்கு வந்த ஆண்டைக் கேட்டால் பிள்ளைகள் கூரையைப் பார்க்கிறார்கள். ஆனால் கேமில் வரும் ஆயுதத்தைப் பற்றிக் கேட்டால் வகுப்பே எழும்பி நிற்கிறது. 2011இல் வந்த ஸ்கைரிம் கேமில் ‘ஒருகை ஆயுதம்’ என்று ஒரு தனித் திறமையே உண்டு. குத்துவாள், வாள், போர்க்கோடரி, தண்டம் ஆகிய நான்கும் அதற்குள் வரும். இரும்பில் செய்தவற்றை எடுத்தால் குத்துவாளின் தாக்குபலம் 4, வாள் 7, கோடரி 8, தண்டம் 9. வேகம் அதற்குத் தலைகீழ். குத்துவாள்தான் எல்லாவற்றிலும் வேகம், தண்டம்தான் மெதுவு. 2022இல் வந்த எல்டன் ரிங்கில் ஒருகை வாளை இரண்டு கையாலும் பிடித்தால் பலம் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வாய்ப்பாட்டை விடச் சரியாகச் சொல்கிறார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு எதில் ஆசையோ அந்த வாசலால்தான் உள்ளே போக வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் நமக்கும் படிப்பித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. “சேர், ஜப்பான்காரனுக்குக் கட்டானா இருக்கு, அரபிக்கு வளைஞ்ச வாள் இருக்கு. நம்மளுக்கு ஒண்டும் இல்லையா?”

நமக்கு இருந்தது. நம் துறைமுகம் அதை மிக நன்றாகக் கண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இன்னொன்றும் உண்டு. 2019க்குப் பிறகு நம் சமூகத்தில் ‘வாள்’ என்ற சொல்லையே நாம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். அதைப் பற்றியும் ஒரு தடவையாவது வெளிச்சத்தில் வைத்துப் பேச வேண்டும்.

முதலில், ஏன் ஒரு கை?

கேமில் பெரிய வாள் என்றால் பெரிய வீரன். உண்மையான போர்களில் அப்படி இல்லை. உலகம் முழுவதும் அதிகமாகப் புழங்கியது ஒருகை வாள்தான். காரணம் எளிது. மற்றக் கைக்கு வேலை இருந்தது. தரையில் நிற்பவன் அந்தக் கையில் கேடயம் பிடித்தான். குதிரையில் இருப்பவன் கடிவாளம் பிடித்தான். கப்பலில் இருப்பவன் கயிறு பிடித்தான். கடைசியாகச் சொன்னது நம்மூர் ஆட்களுக்கு விளங்கும். ஆடுகிற தோணியில் இரண்டு கையையும் வேறு வேலைக்குக் கொடுத்தவன் எங்கே போவான் என்று கடலுக்குப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

எடை விஷயத்திலும் கேம் ஏமாற்றுகிறது. திரையில் வாளைத் தூக்கும்போது வீரன் முனகுகிறான். உண்மையில் ஒருகை வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருந்தன. ஒரு பக்கெட் சீனியின் எடை. அதற்கு மேல் போனால் சிறிது நேரத்திலேயே கை சோர்ந்துவிடும், எதிரி சோராமல் நிற்பான். அதனால் வாள் செய்கிற கொல்லனின் கவனம் எடையைக் கூட்டுவதில் இருக்கவில்லை. எடையைப் பிடிக்குப் பக்கமாகக் கொண்டுவருவதில்தான் இருந்தது. கிரிக்கெட் மட்டை வாங்கும்போது தூக்கிப் பார்த்து “பாரம் எங்க நிக்குது” என்று பார்க்கிறோமே, அதே கணக்குத்தான்.

இன்னொன்று, கேமில் வாள் துருப்பிடிக்காது. நம்மூரில் வீட்டு யன்னல் கம்பியே துருப்பிடிக்கும். உப்புக்காற்று வீசும் துறைமுகத்தில் இரும்பை வைத்துக் காப்பதே ஒரு தனிக் கலை. துடைத்து, எண்ணெய் பூசி, உறையில் ஈரம் தங்காமல் பார்க்க வேண்டும். பழைய வாள்கள் பலவற்றில் பிடி மட்டும் அழகாக மிஞ்சி, அலகு அரித்துப்போய்க் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

கச்சான் காற்றில் உருகிய இரும்பு

நம் நாட்டில் இரும்பு எப்படி வந்தது? பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ என்ற இடத்தில், மலைச்சரிவுகளின் மேற்குப் பக்கத்தில், பழைய இரும்பு உருக்கும் உலைகள் வரிசை வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. கில் ஜுலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் அவற்றை ஆராய்ந்தார். அந்த உலைகளுக்குத் துருத்தி ஊதும் ஆள் தேவைப்படவில்லை. தென்மேல் பருவக்காற்றே துருத்தி. சரிவில் ஏறி வரும் காற்று உலை வாயில் புகுந்து நெருப்பை மூட்டியது. அவர் அதே மாதிரி ஓர் உலையைக் கட்டி, காற்றை மட்டும் வைத்தே இரும்பு உருக்கிக் காட்டினார். அந்த ஆய்வு 1996இல் நேச்சர் என்ற உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியானது. நம் பக்கத்தில் கச்சான் என்று சொல்லி, புழுதியையும் வெக்கையையும் கொண்டுவருகிறது என்று நாம் திட்டுகிற அதே பருவத்துக் காற்றுத்தான் அங்கே இரும்பும் எஃகும் செய்தது.

இப்போது பக்தாதுக்குப் போவோம். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அங்கே அல்-கிந்தி என்ற அறிஞர் இருந்தார். தத்துவம், கணிதம், இசை, மருத்துவம் என்று அவர் எழுதாத துறை குறைவு. அப்பாஸிய கலீஃபா அல்-முஃதஸிமுக்காக அவர் வாள்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். எந்த நாட்டு இரும்பு, எப்படி அடித்தது, அலகில் என்ன வரி ஓடுகிறது, எது நல்லது, எது போலி என்று வகை பிரிக்கிறார். நம் பிள்ளைகள் கேமில் பார்க்கும் ஆயுதப் பட்டியல் மாதிரித்தான். அந்தப் பட்டியலில் செரந்தீப் எஃகு வருகிறது. செரந்தீப் என்பது நாம்தான். அரபுக் கப்பல்கள் நம் தீவிலிருந்து கொண்டுபோனவை கறுவாவும் முத்தும் இரத்தினமும் மட்டுமல்ல என்பதற்கு இது சாட்சி.

அரபியில் நல்ல வாளுக்கு ‘முஹன்னத்’ என்று ஒரு சொல் உண்டு. ஹிந்திலிருந்து வந்தது என்று பொருள். நம் கடலின் இந்தப் பக்கத்து இரும்பு அந்தப் பக்கத்து மொழியில் ஒரு சொல்லாகவே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் கொடுமணலில் எஃகு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது இரும்பு வாள்களும் ஈட்டிகளும் கிடைத்தன. கேம்களில் ‘டமாஸ்கஸ் எஃகு’ என்று பெரிய விலைக்கு விற்கிறார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மூலப்பொருளில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவானது. பெயர் சந்தைக்குப் போயிற்று. உலை இங்கே இருந்தது.

கஸ்தானே: ஒரு வாளுக்குள் ஒரு துறைமுகம்

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நேரான விடை இதுதான். நம் நாட்டின் ஒருகை வாளுக்குப் பெயர் கஸ்தானே. அதைக் காணாத இலங்கையர் ஒருவரும் இல்லை. தேசியக் கொடியில் சிங்கத்தின் வலக்கையில் இருப்பது அதுதான். ஒவ்வொரு நாளும் காலைக் கூட்டத்தில் பார்க்கிறோம், பெயர் மட்டும் தெரியாது.

பெரும்பாலும் குட்டையான, லேசாக வளைந்த, ஒரு பக்கம் மட்டும் கூரான அலகு. பிடியின் உச்சியில் சிங்கத்தின் தலை அல்லது மகரம் போன்ற ஒரு விலங்கின் தலை. விரலைக் காக்க ஒரு வளைவு. அந்தக் காப்பின் நுனிகளிலும் சின்னச் சின்ன விலங்குத் தலைகள். வெள்ளி, பொன், பித்தளை, சிலவற்றில் சிவப்புக் கல். கண்டி மன்னர்களுக்கு இப்படியான வேலைகளைச் செய்துகொடுத்த கைவினைஞர்களுக்கு ‘பட்டல் ஹத்தர’, அதாவது நான்கு பட்டறைகள் என்று பெயர். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் அந்தக் கைவினைஞர்களைப் பற்றி விரிவாக எழுதினார். இலங்கை ஆயுதங்களைப் பற்றி பி.ஈ.பீ. தெரணியகல 1942இல் எழுதிய கட்டுரையை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. நூதனசாலைகளில் இருக்கும் கஸ்தானேகளில் பலவற்றின் பிடியைப் பார்த்தால் அப்பட்டமான சிங்களக் கைவேலை. அலகைப் பார்த்தால் ஐரோப்பாவில் அடித்தது. சிலவற்றின் அலகில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சீ. முத்திரையே இருக்கிறது. விரல் காக்கும் அந்த வளைவோ மொரோக்கோ முஸ்லிம்களின் ‘நிம்ச்சா’ என்ற வாளையும் அக்கால இத்தாலிய வாள்களையும் ஒத்திருக்கிறது என்று அறிஞர்கள் காட்டுகிறார்கள். அப்படியானால் இந்த வாள் யாருடையது? ஒரே இனத்தின் தனிச்சொத்து என்று யாராவது சொன்னால் அலகைத் திருப்பிக் காட்டுங்கள். கடல் கொண்டுவந்ததும் கொல்லன் கை செய்ததும் சேர்ந்துதான் அது கஸ்தானே ஆனது. ஒரு வாளுக்குள் ஒரு துறைமுகமே இருக்கிறது.

காலப்போக்கில் துப்பாக்கி வந்தது. கண்டிக் கொல்லர்கள் துப்பாக்கி செய்வதிலும் பேர் பெற்றார்கள். கஸ்தானே மெல்ல மெல்லச் சண்டையிலிருந்து விலகிப் பதவியின் அடையாளமாக மாறியது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் முதலியார்மார் விழாக்களில் அதை இடுப்பில் கட்டி நின்றார்கள். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். கூர்மை குறைந்து அலங்காரம் கூடியது.

நம் துறைமுகம் கண்டவை

இனி நம் ஊருக்கு வருவோம். திருகோணமலையை ஆழமான, இயற்கையான துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்காக எத்தனை நாட்டார் இங்கே வந்து வெட்டிக்கொண்டார்கள் என்று எழுத இடம் போதாது. சுருக்கமாகச் சொல்கிறோம்.

1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் கற்களையும் கொண்டு கோட்டை எழும்பியது. நம் தமிழ் அயலவர்களுக்கு அது இன்றும் ஆறாத காயம், அதை நாம் மதிக்க வேண்டும். அதே காலத்தில், 1626 அளவில், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கோயில் இழந்தவர்களும் ஊர் இழந்தவர்களும் ஒரே பத்தாண்டில், ஒரே கையால் அடிபட்டவர்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதை ஒரே பாடமாகப் படிப்பித்தால் எவ்வளவு நல்லது.

1639இல் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனோடு செய்த உடன்பாட்டின்படி வந்த ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1660இல் கொட்டியாரக் குடாவுக்கு, அதாவது நம் மூதூர்ப் பக்கத்துக்கு வந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து ரொபர்ட் நொக்ஸ் மன்னரின் ஆட்களால் பிடிபட்டார். 19 ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்து தப்பி, 1681இல் நூல் வெளியிட்டார். மன்னரின் படைவீரர்கள் வாள், ஈட்டி, வில், துப்பாக்கி எல்லாவற்றையும் ஏந்தியதை அதில் எழுதியிருக்கிறார். மூதூருக்குப் போகும்போது அவர் பெயரால் சொல்லப்படும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

1782ஆம் ஆண்டு மட்டும் தனிப் பாடம். ஜனவரியில் அட்மிரல் ஹியூஸின் ஆங்கிலப் படை ஒஸ்டன்பேர்க் கோட்டையை ஏறிப் பிடித்தது. ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படைகளும் நம் கரைக்கு வெளியே பீரங்கியால் அடித்துக்கொண்டன. பிறகு சமாதான உடன்படிக்கையில் ஊர் ஒல்லாந்தரிடம் திரும்பிப் போனது. 1795இல் பிரித்தானியர் மறுபடி வந்தார்கள். இந்த முறை போகவில்லை. கோட்டைக்கு பிரெட்ரிக் என்ற பெயர் 1803இல் வந்தது.

அந்தக் கப்பல்களில் இருந்த மாலுமிகளின் ஆயுதம் கட்லஸ். இதுவும் ஒருகை வாள்தான். குட்டையானது, தடித்தது, அழகு இல்லாதது. கப்பல் தட்டில் கயிறும் பாய்மரமும் ஆட்களும் நெருக்கியிருக்க, நீண்ட வாளை வீசினால் கயிற்றில்தான் மாட்டும். எதிரிக் கப்பலுக்குத் தாவுகிறவனுக்கு ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை வெட்ட வேண்டும். கேமில் கடற்கொள்ளையன் வைத்திருக்கும் வாள் ஏன் குட்டை என்பதற்கு விடை இதுதான். பிரித்தானியக் கடற்படை 1936 வரை கட்லஸைத் தன் ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. பிரித்தானியர் நம் டொக்யார்டை 1957இல் ஒப்படைத்தார்கள். ஆக, அந்த ஆயுதத்தின் கடைசிக் காலத்திலும் அவர்களின் கடற்படைத் தளம் நம்மூரில் இருந்தது.

வாள் இன்றும் நம் துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. டொக்யார்டுக்குள் இருக்கும் கடற்படைக் கலாசாலையில் பயிற்சி முடித்து வெளியேறும் அதிகாரிகள் அணிவகுப்பில் வாள் ஏந்துகிறார்கள். அது வெட்டுவதற்கல்ல. பொறுப்பு ஏற்றதற்கு அடையாளம்.

போனதும் திரும்பியதும்

1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டி மீது படையெடுத்தார். அரண்மனை கொள்ளையிடப்பட்டது. அதில் போன பொருட்கள் ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் இருந்தன. நீண்டகால ஆய்வுக்குப் பிறகு நெதர்லாந்து அரசு 2023இல் ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. லெவ்கே திசாவவின் அலங்காரப் பீரங்கி, ஒரு பொன் கஸ்தானே, ஒரு வெள்ளிக் கஸ்தானே, ஒரு கத்தி, இரண்டு பெரிய துப்பாக்கிகள். 250 ஆண்டுகளுக்கு மேல் கழித்து இரண்டு வாள்கள் வீடு திரும்பின. 1815இல் பிரித்தானியர் கொண்டுபோன கண்டியின் சிம்மாசனமும் முடியும் வாளும் அதற்கு முன்பே, 1934இல் திரும்பியிருந்தன. கொழும்பு நூதனசாலைக்குக் கல்விச் சுற்றுலா போகும்போது பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். கடற்கரைக்குப் போகும் அவசரத்தில் ஓட வேண்டாம்.

நம் பள்ளிவாசலில் இருக்கும் வாள்

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல்களில் மிம்பருக்குப் பக்கத்தில் ஓர் அஸா இருக்கும். சில இடங்களில் அது மரவாள் வடிவில் இருக்கும். கதீப் மிம்பரில் ஏறும்போது அது அவர் கையில் கொடுக்கப்படும். குத்பா ஓதும்போது வாள், தடி, வில் இவற்றில் ஒன்றில் ஊன்றிக்கொள்வது விரும்பத்தக்கது என்று ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் கூறுகின்றன. இடக்கையால் அதைப் பிடித்து, வலக்கையை மிம்பரின் ஓரத்தில் வைப்பது அதன் ஒழுங்கு. இது பற்றி அறிஞர்களுக்கிடையில் வேறு கருத்துகளும் உண்டு. கொமெண்டில் அந்த விவாதத்தைத் தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்கிறோம். நாம் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான். அந்த வாள் இருப்பது இடக்கையில். அதன் நுனி கீழே, தரையைப் பார்த்து இருக்கிறது. அது மரம். அதைப் பிடித்து நிற்பவர் செய்வது உபதேசம். ஊன்றிக்கொள்வதற்கு ஒரு வாள், வீசுவதற்கு அல்ல.

நம் கிழக்கு மாகாணத்தில் சீனடி, சிலம்படி என்ற கலைகளும் உண்டு. கல்யாணத்திலும் கந்தூரியிலும் பெரியவர்கள் கம்பு சுற்றியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பொல்லடியில் இரண்டு கையிலும் பொல்லுப் பிடித்து, அண்ணாவியாரின் பாட்டுக்கு வட்டமாகச் சுற்றி, முன்னால் நிற்பவனின் பொல்லில் தட்டுவார்கள். நேரம் தப்பினால் விரல் போய்விடும். அந்தக் கலை முழுவதும் எதிரில் நிற்பவனை அடிக்காமல் இருக்கப் பழகுவதுதான். கேமில் ஒரு பொத்தானை அழுத்தினால் கை வரும். இங்கே கை வர வருடக்கணக்காகும். கை வருவதற்கு முன்பே அடக்கம் வந்துவிடும். உஸ்தாத்மார் முதலில் படிப்பிப்பதே சலாம் வரிசையைத்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம்

2019 ஏப்ரலில் ஈஸ்டர் தினத்தில் நடந்தது மன்னிக்க முடியாத குற்றம். அந்தக் குடும்பங்களின் வலி இன்றும் ஆறவில்லை. அதற்குப் பின் வந்த வாரங்களில் நாடு முழுவதும் தேடுதல் நடந்தது. பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் வாள்கள் எடுக்கப்பட்டதாகத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் காட்டின. மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்குமாறு பொதுமக்களிடம் கேட்கப்பட்டது. குர்பானுக்கு வைத்திருந்த கத்தியை என்ன செய்வது, தேங்காய் வெட்டும் மன்னாக் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று நம் தாய்மார் தடுமாறினார்கள். சில வீடுகளில் பாட்டன் காலத்துப் பொருட்கள் இரவோடிரவாகக் கிணற்றுக்குள்ளும் கடலுக்குள்ளும் போயின. அவற்றில் எது வெறும் இரும்பு, எது வரலாறு என்று இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

இரண்டு உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டனின் கத்தியையும் பள்ளியின் மரவாளையும் வைத்து ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகித்தது அநியாயம். அதேநேரம், எங்காவது ஒருவன் புது வாள் வாங்கி ஒளித்து வைத்திருந்தால் அதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. ‘பாதுகாப்புக்கு’ என்று சொல்லி அதை நாமே பூசி மெழுகினால் பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறோம்? வெறும் பயத்தில் வாங்கிய வாள் யாரையும் பாதுகாத்ததில்லை. அது வாங்கியவனைத்தான் முதலில் மாட்டிவிடும்.

இன்னொரு பக்கம், வாள்வெட்டு என்ற சொல் செய்திகளில் வராத வாரம் இல்லை. வாளோடு நின்று எடுத்த வீடியோக்களைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் போனில் கைமாற்றிக்கொள்கிறார்கள். கேம்தான் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். கேம் விளையாடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் ஒரு ஈயைக்கூட அடிக்காதவர்கள். ஆனால் வாளைப் பற்றி அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் தாக்குபலம் 7 என்ற எண் மட்டும் என்றால், அந்த இடத்தை யார் நிரப்புகிறார்களோ அவர்கள் சொல்வதைத்தான் அவன் நம்புவான். நாம் பயந்து பேசாமல் இருந்தால் நிரப்ப வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் இதைத் திறந்து பேசுகிறோம். வாள் நம் வரலாற்றில் இருக்கிறது. அல்-கிந்தியின் நூலில் இருக்கிறது, கச்சான் காற்று மூட்டிய உலையில் இருக்கிறது, டொக்யார்ட் அணிவகுப்பில் இருக்கிறது, நம் கொடியில் இருக்கிறது. அந்தக் கொடியில் சிங்கம் பிடித்திருக்கும் வாளுக்கு முன்னால்தான் 1951இல் சேர்க்கப்பட்ட பச்சைக் கோடும் செம்மஞ்சள் கோடும் நிற்கின்றன. பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு. சிலர் அதைப் பார்த்து, வாள் நம்மைப் பார்த்து நீட்டியிருக்கிறது என்று கசப்பாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தக் கசப்புக்குக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது நூதனசாலையில் இருக்கிற கஸ்தானேயின் வகை என்றால், ஐரோப்பிய அலகும் சிங்களப் பிடியும் மொரோக்கோ வளைவும் சேர்ந்த வகை என்றால், அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கேமில் வாள் எடுத்தால் போனைப் பறிக்க முதல், “இது எந்த நாட்டு வாள், ஏன் வளைஞ்சிருக்கு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களே, பழைய அஸாவோ மரவாளோ இருந்தால் அதைப் படம் எடுத்து, யார் செய்தது, எந்தக் காலம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆவணம் இருந்தால் அது மரபு. ஆவணம் இல்லாவிட்டால் அது வெறும் ‘கண்டெடுக்கப்பட்ட பொருள்’.

கிண்ணியா, மூதூர், ஜமாலியா, தோப்பூர் உறவுகளே, சீனடியும் பொல்லடியும் தெரிந்த மூத்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்கள் இருக்கும்போதே பாட்டையும் அடியையும் பதிவு செய்யுங்கள். ஒரு போன் போதும்.

தம்பிமாரே, உங்களுக்கு ஒன்று. நீங்கள் விளையாடும் வீரனுக்கு ஒரு கையில் வாள், மற்றக் கையில் கேடயம். வரலாற்றில் அந்த மற்றக் கைதான் ஆளைக் காப்பாற்றியது. உங்கள் மற்றக் கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும்.

அல்லாஹ் நம் ஊரையும் இந்த நாட்டையும் எல்லா மக்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

உங்களுக்குத் தெரிந்த தகவல்களைக் கீழே எழுதுங்கள். பிடித்திருந்தால் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.